திங்கட்கிழமைப் பூசை

தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
1942 சித்திரை 14

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள தம்பி கயித்தானுக்கு அக்கா மதலேனம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் வள்ளத்தில் மூதூருக்குக் கடந்தேன். அங்கிருந்து வண்டியும் நடையுமாக என் ஞானத்தாய் வீட்டுக்கு வந்துசேர ஐந்து நாள் ஆயிற்று. வயிற்றில் நாலு மாதத்தை வைத்துக்கொண்டு அந்த மணலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கால் கடுக்கிறது. வெருகலில் தோணிக்குக் காத்திருந்த வியாழக்கிழமை காலை வடக்கே இடி இடிப்பதுபோல் கேட்டது. மழை வரப்போகிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். யப்பான்காரன் நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட சத்தம் அது என்று இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

புறப்படும்போது உன் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "நீ முன்னால போ. ரெண்டு கிழமையில நானும் வந்திடுவன்." அந்த இரண்டு கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எழுத்து வராது. இரும்புக் குழாய்க்கு மரை வெட்டச் சொன்னால் ஊரே மெச்ச வெட்டுவார், பேனையைக் கொடுத்தால் வியர்த்துவிடும். ஆகையால் அவர் சொல்லச் சொல்ல நீ எழுது.

போன பிள்ளையை ஏழாம் மாதத்தில் மண்ணுக்குக் கொடுத்தவள் நான். என்னை நீண்ட நாள் காக்கவைக்காதே.

உன் பதிலைக் காணும்வரை சோறு இறங்காத
அக்கா மதலேனம்மா


திருகோணமலை
1942 வைகாசி 3

அன்புள்ள அக்காவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உங்கள் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். ஊரில் சனம் இல்லை. கடைவீதியில் மூன்று கடைதான் திறந்திருக்கிறது. மற்றவர்கள் நிலாவெளிப் பக்கமும் கன்னியாக் காட்டுப் பக்கமும் போய் இன்னும் திரும்பவில்லை. நான் துறைமுகச் சாமான் கிட்டங்கி வேலைக்குத் திரும்பிவிட்டேன். காலையில் கோவிலுக்கும் போகிறேன். அப்பா இருந்த காலத்தைப்போலவே பூசை உடுப்புகளை நான்தான் எடுத்து வைக்கிறேன்.

அத்தானை வேலைப்பகுதியார் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று எழுதக்கூடாது. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி
கயித்தான்


தாண்டவன்வெளி
1942 வைகாசி 22

சேசுவுக்குத் தோத்திரம்.

என் தம்பிக்கு, நான் சுகம். பிள்ளை துடிக்கத் தொடங்கிவிட்டது. நீ சுகம் என்று உன் கடிதத்தில் கண்டேன். அத்தானின் சுகத்தைக் காணவில்லை.

ஐந்து வரி எழுத உனக்கு இருபது நாளா? கடிதத்தை உடைக்கிறவர்கள் கப்பலையும் எண்ணெய்த் தாங்கியையும் பற்றி எழுதினால் வெட்டட்டும். சந்தியாகு என்ற மனிதருக்குத் தடிமலா, இருமலா, வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று எழுதினால் யப்பான்காரனுக்கு அதில் என்ன லாபம்?

அவரை எந்தக் கிழமை கண்டாய்? என்ன சொன்னார்? இவ்வளவுதான் நான் கேட்பது.

பின்னேரத்தில் இங்கே பெண்கள் கூடிச் செபமாலை சொல்லுகிறோம். முடிந்ததும் ஒவ்வொருவராக என் தோளைத் தட்டி, "நம்பிக்கையா இரு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லுகிறவர்களின் புருஷன்மார் பொழுதுபட வீட்டுக்கு வருகிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. பிறகு எரிச்சல்பட்டதற்காகச் செபமாலையில் இன்னொரு காரணிக்கம், பத்து மணி, கூட்டிச் சொல்லுகிறேன்.

வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா


திருகோணமலை
1942 ஆனி 20

அன்பான அக்காவுக்கு,

நீங்களும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். எனக்கு ஒரு கிழமை காய்ச்சல். இப்போது மாறிவிட்டது.

உங்கள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். குசினிப் பக்கத்தில் ஒன்பது ஓடு உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன். அலுமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. முருங்கை முறிந்து விழுந்தாலும் அடியில் துளிர் விட்டிருக்கிறது. கோழிகளில் இரண்டுதான் மிச்சம், அவற்றை நான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். உப்புவெளியிலிருந்து மீன் வரத் தொடங்கியிருக்கிறது. கோவிலில் வெடித்த கண்ணாடிகளுக்குப் பலகை அடித்திருக்கிறோம். சுவாமியார் உங்களை விசாரித்தார்.

அத்தானைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த நேரத்தில் நீங்கள் கவலைப்படக்கூடாது என்று மருத்துவிச்சியும் சொல்லியிருப்பாள்.

உங்கள் தம்பி
கயித்தான்


தாண்டவன்வெளி
1942 ஆடி 6

சேசுவுக்குத் தோத்திரம்.

தம்பி கயித்தானுக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. காய்ச்சல் முற்றாக விட்டதா? மல்லி அவித்துக் குடி. எனக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. மற்றப்படி சுகம்.

உன் கடிதத்தில் முருங்கைக்கு ஒரு வரி, கோழிக்கு ஒரு வரி, உன் அத்தானுக்கும் ஒரு வரி. சரி, சண்டை பிடிக்கமாட்டேன்.

ஒரு காரியம் செய். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி சந்தியாகு அப்போஸ்தலர் திருநாள். உன் அத்தானின் பேர்கொண்ட திருநாள். வருஷாவருஷம் அவர் புதுச் சாரம் உடுத்து முன்வரிசையில் நின்று பாடத் தெரியாமல் பாடுவார். இந்த வருஷம் அவர் எங்கே நிற்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் சுகபெலனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிச் சுவாமியாரிடம் கேள். அவர் பேரை உரக்கச் சொல்லச் சொல்.

அந்தப் பூசை நடந்தது என்று தெரிந்தால் பிள்ளையை நான் பத்திரமாகப் பெற்றெடுப்பேன். எனக்கு அப்படி ஒரு மனம்.

உன் அக்கா


திருகோணமலை
1942 ஆடி 30

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? நான் சுகம்.

நீங்கள் கேட்டபடி அத்தான் பேரில் பூசை ஒப்புக்கொடுத்தாயிற்று. இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை காலை நடந்தது. சுவாமியார் பேரைத் தெளிவாகச் சொன்னார். சனம் அதிகம் இல்லை. பதினொரு பேர் இருந்தோம்.

மல்லி குடித்தேன்.

தம்பி
கயித்தான்


தாண்டவன்வெளி
1942 ஆவணி 12

தம்பி கயித்தானுக்கு,

நான் சுகம். நீ சுகமா?

உன் கடிதத்தை வாசித்து மடித்து வைத்தேன். பிறகு எடுத்து வாசித்தேன். நாள் முழுக்க அதுவே வேலையாகப் போயிற்று.

சனிக்கிழமைத் திருநாளுக்குக் கேட்ட பூசை ஏன் திங்கட்கிழமைக்குப் போனது?

நாங்கள் இருவரும் கோவிலில் பூசைக்கு எல்லாம் எடுத்து வைத்த சங்கிலித்தாமின் பிள்ளைகள். நீ நடக்கப் பழகுமுன்பே நான் அப்பாவோடு நின்று பூசை உடுப்புகளை நிறம் பார்த்து அடுக்கினவள். உயிரோடிருக்கிறவருக்காகப் பூசை கேட்டால் திருநாளிலேயே வைக்கலாம். அப்போஸ்தலர் இரத்தம் சிந்தின வேதசாட்சி, அதற்குச் சிவப்பு உடுப்பு. திருநாளில் வைக்கக்கூடாதது ஒரேயொரு பூசை. அதைத்தான் சாதாரண நாளுக்குத் தள்ளுவார்கள். அப்பா இதை எனக்குச் சொல்லித்தரும்போது நீ அவர் காலடியில் மெழுகுதிரித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

சுவாமியாருக்குச் சனிக்கிழமை வேறு வேலை இருந்தது என்று நீ எழுதலாம். எழுதினால் நம்புவேன். ஆனால் இதை மட்டும் சொல். திங்கட்கிழமை சுவாமியார் என்ன நிறத்தில் உடுத்திருந்தார்? ஒரு சொல் போதும்.

அக்கா


தாண்டவன்வெளி
1942 புரட்டாதி 2

தம்பி,

உன் சுகத்தை விசாரித்து மூன்று கிழமையாயிற்று. தபால்காரர் எங்கள் படலையைக் கடக்கும்போது இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்து நீ பேசாமல் இருக்கிறாய். நீ பேசாமல் இருப்பதுதான் என்னைக் கொல்லுகிறது. நிறத்தை எழுது.

அக்கா


திருகோணமலை
1942 புரட்டாதி 12

அக்கா,

கறுப்பு.

மரித்தவர் பூசைக்கான அந்தக் கறுப்பை அலுமாரியிலிருந்து எடுத்து விரித்து வைத்தது என் கைதான். சுகபெலனுக்கு என்று சுவாமியாரிடம் கேட்கப் போனேன். கடுதாசியில் பொய் எழுதின எனக்குப் பீடத்துக்கு முன்னால் பொய் சொல்ல ஏலாமல் போயிற்று.

அந்த வியாழக்கிழமை காலை அத்தான் கிட்டங்கியடியில் குழாய் வேலையில் நின்றார். குண்டு விழுந்து சுவர் சரிந்து அவர்மேல் விழுந்தது. அன்று பின்னேரமே இறந்தவர்களை எல்லாம் ஒன்றாக அடக்கம் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரியும். கிண்ணியாவிலிருந்து விறகு வள்ளம் கொண்டுவருகிற ஸைனுலாப்தீன் காக்கா அத்தானின் கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றி வைத்திருந்து என்னிடம் தந்தார். இதனுடன் அனுப்பியிருக்கிறேன். பிறகு சுவாமியார் போய்த் தீர்த்தம் தெளித்து அந்த மண்ணை மந்திரித்தார்.

பிள்ளை பிறக்கும்வரை மறைக்கலாம் என்று நினைத்தேன். என்னைத் திட்டுங்கள். ஆனால் சாப்பிடுங்கள்.

கயித்தான்


தாண்டவன்வெளி
1942 மார்கழி 9

சேசுவுக்குத் தோத்திரம். இந்தச் சொல்லை எழுத இப்போதெல்லாம் எனக்கு நேரம் எடுக்கிறது.

தம்பி கயித்தானுக்கு, நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். உன் கடிதம் வந்த பத்தாம் நாள் நோவு கண்டு ஆண்பிள்ளை பிறந்தது. அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. மருத்துவிச்சி பயந்துபோய்ப் பேர்கூட வைக்காமல் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை வீரிட்டு அழுதது. கோவிலில் செய்யவேண்டிய மீதிச் சடங்கும் பேர் பதிவும் அப்படியே கிடக்கின்றன. சுவாமியார் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். தகப்பன் பேர் சொல்லும்போது "மரித்தவர்" என்று சேர்த்துச் சொல்லவேண்டுமே என்று நான்தான் நாளைக் கடத்துகிறேன்.

எவ்வளவு அழுதேன் என்று எழுதி என்ன? உன்மேல் கோபமும் வந்தது. ஐந்து மாதமாக மண்ணுக்குள் இருக்கிறவரின் தடிமலுக்கும் இருமலுக்கும் மன்றாடியிருக்கிறேன். அந்த மன்றாட்டெல்லாம் எங்கே போயின என்று இங்குள்ள சுவாமியாரிடமே கேட்டேன். "வீண்போகேல்லை மகள், ஆண்டவர் அதைத் தேவைப்பட்ட இடத்துக்கு எடுத்திருப்பார்" என்றார். நல்ல மனிதர். எனக்கு அது போதவில்லை.

இரண்டு கேள்வி இருக்கிறது. மூன்றாம் நாள்தான் தெரியும் என்று எழுதினாய். நீயும் அவரும் ஒரே கிட்டங்கியடியில் வேலை. முதல் இரண்டு நாளும் நீ எங்கே?

மற்றது, சாகிறவர் காதில் சேசு, மரி, சூசை என்று மூன்று திருநாமங்களையும் சொல்ல ஒரு வாய் இல்லாமல் சாவதற்கு எங்கள் சனம் எவ்வளவு பயப்படும் என்று உனக்குத் தெரியும். அப்பாவின் காதில் நீதான் சொன்னாய். உன் அத்தானின் காதில் யார் சொன்னது? ஒருவரும் இல்லையென்றால் இல்லை என்று எழுது. அவர் நாதியற்றுப் போனார் என்றால் நான் எதை நம்பிக்கொண்டு இந்தப் பிள்ளையை வளர்ப்பது?

அக்கா


திருகோணமலை
1943 தை 17

என் அக்காவுக்கு,

நீங்களும் மருமகனும் சுகமாக இருக்கவேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், நான் ஓடினேன். சுவர் விழும்போது அறுபது அடி தூரத்தில் நின்றேன். "கயித்தான்" என்று அத்தான் ஒரு தரம் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சனத்தோடு சனமாகக் கன்னியாக் காட்டுக்குள் ஓடி இரண்டு நாள் ஒரு மரத்தடியில் கிடந்தேன். அன்றிலிருந்து நற்கருணை வாங்கவில்லை. பூசைக்கு எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவடியில் நிற்கிறேன்.

இரண்டாம் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உத்தரியத்தைத் தந்த அன்று ஸைனுலாப்தீன் காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நில்லாமல் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் வள்ளம் வந்தால் உள்ளே போய் ஒளித்துக்கொள்ளுவேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஒளிக்க ஏலாது. போன வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். ஜும்மா முடிந்து அவர் வரும்வரை வீட்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி மைமூனா கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீங்க ஒருநாளும் கேக்கல்லையே தம்பி. கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். எல்லாரும் ஓடக்குள்ள நானும் வள்ளத்த அவுக்கத்தான் போனன். அவர்ட கை மட்டும் வெளியால தெரிஞ்சிது. விட்டுட்டுப் போக மனம் வரல்ல. கல்லுகள அகத்திப் பாத்தன், தலையும் கழுத்தும்தான் வெளிய வந்திச்சு, மத்தது ஏலாமப் போச்சு. பக்கத்தில இருந்திட்டன். 'கயித்தான் தப்பிட்டானா'ண்டு கேட்டாரு. ஓம், ஓடிட்டாரெண்டன். 'நல்லது' எண்டாரு. பொறகு காதுக்குள்ள மூணு பேரச் சொல்லச் சொன்னாரு. எனக்குத் தெரியாதெண்டன். அவரே ஒருக்காச் சொல்லித் தந்தாரு. ஈஸா நபியத் தெரியும். மர்யம் அம்மாவத் தெரியும். மூணாவது ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியா. எண்டாலும் மௌத்தாகப் போறவர் கேக்காரு, மூணையும் சொன்னன். மூச்சு நிக்குமட்டும் விடாமச் சொன்னன்."

அந்த மனிதர் என் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தார். அத்தான் சொன்ன "நல்லது" என்ற சொல் இன்னும் என்னை நித்திரைகொள்ள விடவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதற்குமேல் எழுத எனக்கு முகம் இல்லை.

கயித்தான்


தாண்டவன்வெளி
1943 மாசி 3

சேசுவுக்குத் தோத்திரம்.

தம்பி கயித்தானுக்கு அக்கா எழுதிக்கொள்வது. பிள்ளையும் நானும் சுகம். உன் சுகத்தைக் கேட்கவேண்டாம் என்றாய், கேட்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ ஓடினதை வாசித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். அடுத்த பக்கம் இருந்தபடியால் போடவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். பத்து மாதத்தில் முதல் தரம் அந்த அழுகைக்குப் பிறகு பசித்தது. சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இனி அவர் படலையைத் திறந்து வருவார் என்று பார்க்கமாட்டேன். கடைசி நாளில் எழுந்து வருவார், அதுவரை பார்த்திருப்பேன். நீண்ட காலம்தான். ஆனால் மூன்று திருநாமங்களோடு போன மனிதருக்காகக் காத்திருக்கலாம், எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

உன்மேல் கோபம் விட்டுப்போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும், நம் வீட்டில் பொய் எழுதினது போதும். நீ வந்து முன்னால் நின்றால் நாலு வார்த்தை கேட்பேன். கேட்டுக்கொண்டு நில். தன்னைத் தெரியாது என்று மறுத்து ஓடுவான் என்று தெரிந்துதான் ஆண்டவர் இராயப்பரின் கையில் மோட்ச வாசலின் திறப்பைக் கொடுத்தார். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் புறப்படு. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நீதான். வேறு ஒருவரையும் கேட்க நான் நினைக்கவில்லை.

வரும்போது ஸைனுலாப்தீன் காக்காவையும் கையோடு கூட்டிக்கொண்டு வா. மூன்றாவது ஆள் யாரென்று தெரியாது என்றாராமே. பிள்ளைக்குச் சூசை என்று பேர் வைக்கப்போகிறேன். அவர் மடியில் கொடுத்து, இவர்தான் என்று காட்டவேண்டும்.

இருவரையும் எதிர்பார்க்கும்
அக்கா மதலேனம்மா